கடுகு டப்பாவில் ஒரு பல்சக்கரம்

அந்தப் பல்சக்கரம் தொலையவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. எங்கள் அடுப்படித் தட்டில், கடுகு டப்பாவுக்குள், அடியில்.

தொலைந்துபோய்விட்டது என்று என் தம்பி நம்புகிறான். என் புருஷனும் நம்புகிறார். அதோடு விட்டாலும் பரவாயில்லை, அதைத் தொலைத்தது தான்தான் என்றும் அந்த மனிதர் நம்புகிறார்... அதுதான் என்னை அறுக்கிறது.

சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் சக்கரம். இதற்கா இவ்வளவு பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் இருங்கள், முழுக்கச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறவள். ஸ்டோர் என்றால் சாமான் விற்கும் கடை என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைக் கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். எனக்குச் சல்லடைப் பகுதி. பெரிய தூள், சின்னத் தூள், தூசி என்று நாள் முழுக்கப் பிரிப்பதுதான் வேலை. என் புருஷன் செல்வம் அங்கேயே மெஷின் பார்க்கிறவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஊரே பேசி முடித்துவிட்டது.

எனக்கு இருப்பது ஒரு தம்பி. ரவி. கொழும்பில் கம்பியூட்டர் சாமான் விற்கும் கடையில் இருக்கிறான். கடையின் பாதிப் பொறுப்பு அவனிடம்தான். இன்னும் கலியாணம் கட்டவில்லை. கேட்டால், "பாப்போம்க்கா" என்பான். இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாள். இரண்டாம் வருஷம் முடிந்தது, அவள் வரவில்லை. அவளுக்குப் பதிலாக ஒரு பெட்டி வந்தது. உள்ளே டிவி கேம். சாம்பல் நிறத்தில் ஒரு டப்பா, மஞ்சள் கெசட் ஒன்று, வயர் வைத்த ரிமோட் இரண்டு. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் வந்திருந்த புதிது. அப்பா எங்கேயோ அலைந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி கொண்டுவந்தார். கெசட்டைக் கழற்றி ஊதி, மறுபடி செருகினால் படம் வரும். ஒரு சின்ன மனுஷன் ஓடுவான், குழியைத் தாண்டுவான். எனக்கும் ரவிக்கும் அதற்குப் பிறகு மழை என்ன, பனி என்ன, அம்மா இல்லாதது என்ன... எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று.

இதில் ஒன்று சொல்லவேண்டும். அந்த இரண்டு ரிமோட்டும் ஒன்றில்லை. முதல் ரிமோட்டில்தான் ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தான் உண்டு. நடுவில் நிறுத்துவதும் அதே பொத்தான்தான். இரண்டாவதில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். சின்னவன் அழுவான் என்று முதல் ரிமோட்டை ரவியிடம் கொடுத்தது நான்தான். அதற்குப் பிறகு கடைசிவரை அவன்தான் தொடங்குவான், அவன்தான் நிறுத்துவான். நான் சோறு வடிக்க எழுந்தால் நிறுத்திவைத்து எனக்காகக் காத்திருப்பான். அவனுக்கு அலுத்துவிட்டால் அணைத்துவிட்டு வெளியே ஓடிவிடுவான். நான் அந்த மொட்டை ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா பிறகு வந்துவிட்டாள். இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. டிவி கேமும் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. படிப்பு முடிந்ததும் ரவி கொழும்புக்குப் போனான். தீபாவளிக்கு வருவான், தோட்டத்துத் திருவிழாவுக்கு வருவான். வந்தால் ஒரு ராத்திரி. அதிலும் பாதி நேரம் போனில் இருப்பான். "சாப்பிட்டியாக்கா?" என்பான், "சாப்பிட்டேன்டா" என்பேன். அதற்கு மேல் எங்களிடம் பேச்சு இல்லை. சண்டை கிடையாது, கோபம் கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

போன வருஷம், மாதாமாதம் பௌர்ணமிக்கு வரும் போயா லீவு ஒன்றுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். கையில் பெரிய அட்டைப் பெட்டி. மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். அதே சாம்பல் நிற டப்பா. அதே இரண்டு ரிமோட். பக்கத்தில் குட்டியாக ஒரு பழைய டிவி. ஆனால் எல்லாமே பொட்டுப் பொட்டாகப் புடைத்த பிளாஸ்டிக் கட்டைகளில். நாமே ஒவ்வொன்றாகப் பொருத்திக் கட்டவேண்டும். கட்டி முடித்து டிவியின் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால், உள்ளே படம் உருண்டு அந்தச் சின்ன மனுஷன் ஓடுவானாம்.

"கடையில பாத்தேன்க்கா. தனியாக் கட்ட மனசு வரல" என்றான்.

அதற்குள் கட்டைகள் பை பையாக இருந்தன. ஒரு போயாவுக்கு ஒரு பைதான், இருவரும் இருந்தால்தான் பிரிக்கவேண்டும் என்று அவனே சட்டம் போட்டான். எப்போதும் போலத் தொடங்கும் பொத்தான் அவன் கையில்தான்!

அந்த மாதங்களை எப்படிச் சொல்ல? என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. போயாவுக்கு முதல் நாள் பின்நேரம் ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்குவான். மறுநாள் காலையில் முன்னறையில் பாயை விரித்து, அதன் மேல் வெள்ளை வேட்டியை விரித்து, கட்டைகளைக் கொட்டுவோம். படப் புத்தகத்தைப் பார்த்து அவன் கேட்பான், நான் பொறுக்கிக் கொடுப்பேன். செல்வம் அடுப்படியில் ரொட்டி தட்டுவார், தேங்காய்ச் சம்பல் இடிப்பார், இடையில் எட்டிப் பார்த்து, "என்ன எஞ்சினியர்மாரே, சோறு திம்பிங்களா, கட்டையத் திம்பிங்களா?" என்பார். ரவியின் போன் அலமாரி மேல் கிடக்கும். அடித்தாலும் எடுக்கமாட்டான். கை வேலை செய்யச் செய்யப் பேச்சு தானாக வந்தது. அம்மா இல்லாத வருஷங்களில் அவன் எனக்குத் தெரியாமல் அழுததைச் சொன்னான். நான் அவனுக்குத் தெரியாமல் அழுததைச் சொன்னேன். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தோம்.

ரிமோட் கட்டிய அன்று அவன் முதலாவதைத் தன் முன்னால் வைத்து, மொட்டையை என் முன்னால் தள்ளினான். "ஒன்னோடது" என்றான். எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டப்பா முடிந்தது. டிவியின் வெளிக்கூடு முடிந்தது. கடைசிப் பைதான் மிச்சம். அதில் டிவிக்குள் வைக்கும் சக்கரங்களும் பொடிக் கட்டைகளும் ஒன்றாகக் கலந்துகிடந்தன. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி போயிற்று. சல்லடைக்காரியின் புத்தி வேறு எங்கே போகும்? ஸ்டோரில் எங்களுக்குக் கொடுக்கும் தூளைச் சலித்துக் குச்சி பொறுக்க வீட்டில் ஒரு சல்லடை வைத்திருக்கிறேன். அதை எடுத்துவந்து, கட்டைகளைக் கொட்டி, ஆட்டினேன். பெரியது மேலே நிற்கும், சின்னது கீழே விழும், கண் வலிக்கத் தேடவேண்டாம் என்று பெருமையாக வேறு சொன்னேன்.

நான் சலித்த இடத்துக்குப் பக்கத்திலேயே தேயிலை டின் மூடி திறந்து இருந்தது. செல்வம் தேத்தண்ணி போட எடுத்துவைத்திருந்தார். சலித்து முடித்ததும் அவர் டின்னோடு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றி, வடித்த சக்கையைக் கொண்டுபோய் லீக்ஸ் பாத்தியில் கொட்டிவிட்டு வந்தார். அது அவர் பழக்கம். சக்கை போட்டால் லீக்ஸ் நன்றாக வரும் என்பார்.

டிவிக்குள் மாட்டப் பார்த்தபோது ஒரு சக்கரத்தைக் காணவில்லை.

பாயை உதறினோம். அலமாரியை நகர்த்தினோம். தேயிலை டின்னையும் கிளறிப் பார்த்தோம். கறுப்புத் தூளுக்குள் கறுப்புச் சக்கரம், கண்ணுக்கு எங்கே தெரியும்! கடைசியில் ரவி விளையாட்டாக, "மச்சான் தேத்தண்ணியில போட்டுக் காச்சிட்டாரு" என்றான். செல்வத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "மாப்ள, நெசமாவே சக்கையோட போயிருச்சா?" என்று டோர்ச்சை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார். அன்று அடைமழை. ஒன்றும் கிடைக்கவில்லை.

பஸ் ஏறும்போது ரவி என்னிடம் சொன்னான்: "அது கெடைச்சா ஒரு சத்தம் போடுக்கா. வந்து மாட்டிட்டு கொழும்புக்கு எடுத்துட்டுப் போயிர்றேன். கடையில கண்ணாடிக்குள்ள வைக்கணும்."

இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகும் முன் தேத்தண்ணி போடக் கரண்டியை டின்னில் விட்டேன். கரண்டியில் ஏதோ தட்டியது. சக்கரம்!

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். போனை எடுத்துவிட்டேன். ரவியின் பெயரை அமுக்கப் போகும்போதுதான் அவன் சொன்னது காதில் விழுந்தது. மாட்டிட்டு, எடுத்துட்டுப் போயிர்றேன்... மாட்டினால் முடிந்தது. எடுத்துக்கொண்டு போவான். பிறகு தீபாவளிக்கு வருவான், ஒரு ராத்திரிக்கு. சாப்பிட்டியாக்கா, சாப்பிட்டேன்டா.

போனை வைத்தேன். சக்கரத்தைத் துடைத்துக் கடுகு டப்பாவுக்குள் போட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் போட்டேன்.

அந்த நாளை இன்னும் வரவில்லை.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நான் பார்த்ததைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தம் இல்லை. செல்வம் பாத்தியில் குந்தியிருந்தார். மழையில் தலைக்கு உரச் சாக்கு ஒன்றைக் கவிழ்த்திருந்தார். லீக்ஸ் அத்தனையையும் பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தார். இன்னும் தடிக்காத லீக்ஸ். என் சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, சலித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாத்தியை யாரும் மிதிக்கவிடாத மனுஷன் அவர்.

"என்னங்க இது?" என்றேன்.

"இன்னும் இந்தப் பக்கந்தான் புள்ள பாக்கணும். கெடைச்சிரும். ஒந்தம்பி ஆசையா வாங்கியாந்தது" என்றார்.

நீங்கள் இப்போது கேட்பது எனக்குக் கேட்கிறது. அப்போதாவது சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் அடுப்படி. எடுத்துவந்து, இந்தா இங்கேதான் கிடந்தது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடக் குந்தி மண் அள்ளிப் போட்டேன்! இருட்டும்வரை, இல்லாத ஒன்றை அவரோடு சேர்ந்து தேடினேன். எப்படி முடிந்தது என்னால்? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமை முழுக்க லீக்ஸ். லீக்ஸ் கறி, லீக்ஸ் சுண்டல், லீக்ஸ் போட்ட ரொட்டி. மிச்சத்தை லயத்தில் வீடு வீடாகக் கொடுத்தோம். ஏன் பிஞ்சிலேயே பிடுங்கினீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் அவரே காரணத்தையும் சொன்னார். பெருமை மாதிரி சொன்னார், தலையைச் சொறிந்துகொண்டு. அப்படித்தான் அந்தக் கதை ஊருக்குத் தெரிந்தது.

அடுத்த போயாவுக்கு ரவி வந்தான். அதற்கடுத்ததற்கும் வந்தான். பழைய மணிக்கூட்டிலிருந்து கழற்றிய சக்கரம் கொண்டுவந்தான், பொருந்தவில்லை. விளையாட்டுக் கார் ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்தான், பல் பெரிதாக இருந்தது. ஓடர் பண்ணியிருக்கிறேன், வரும் என்றான், வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான், "ஐயோ, இதுவும் சரிவரலயாடா" என்று உச்சுக்கொட்டினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குதூகலம். ஒளிப்பானேன்? அந்த மாதங்கள்தான் எல்லாவற்றிலும் நல்ல மாதங்கள். கட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் மூவரும் சும்மா உட்கார்ந்து பேசினோம். மத்தியானம் கேரம் ஆடினோம். ஒரு முறை கோயிலுக்குப் போய்வந்தோம். நான் தாளித்த பருப்புக்கு ரவி இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டான். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் முதல் முறையாக என் கையில் இருந்தது. நான் அதை அமுக்கிப் பிடித்திருந்தேன்.

செல்வம் மட்டும் விடவில்லை. மெஷினோடு பழகிய மனுஷன் சும்மா இருப்பாரா? ஸ்டோரில் கழித்துப்போட்ட வெள்ளை நைலோன் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, அரத்தால் ராவ ஆரம்பித்தார். ஒரு பல் உடையும், மறுபடி புதிதாகத் தொடங்குவார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அந்தப் பொடிச் சக்கரத்தோடு அவர் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நான் கடுகு தாளித்தேன். விரலில் சக்கரம் இடறும். ஒதுக்கிவிட்டுக் கடுகை எடுப்பேன். எங்கே எண்ணெய்க்குள் விழுந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் பயம்.

ஒரு போயாவுக்கு அதை மாட்டினார்கள். பொருந்திவிட்டது. ரவி கைப்பிடியைச் சுற்ற, டிவிக்குள் அந்தச் சின்ன மனுஷன் ஓடினான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் குழிக்கு முன்னால் ஒரு திக்குத் திக்கி, அப்புறம்தான் தாண்டினான். செல்வம் ராவிய பல்லில் ஒன்று சற்றே தடிப்பு.

"அந்த ஒரு எடம் மட்டும் சரிவரல மாப்ள. தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார் செல்வம்.

ரவி விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், நம்ம பழைய கேம் இப்பிடித்தான் அங்கங்க நிக்கும். கேளுங்க அக்காகிட்ட. இது கொழும்புக்கு வராது. இங்கயே இருக்கட்டும்" என்றான்.

செல்வத்தின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். பாதி உண்மைதான்.

இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். கட்டியாயிற்று, சக்கரமும் மாட்டியாயிற்று, இனி இங்கே அவனுக்கு என்ன வேலை? அடுத்த போயாவுக்கு முதல் நாள் பின்நேரம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரவி. கையில் சும்மா ஒரு பை, அதில் மீன் வைத்த மாலு பான். அலமாரி மேல் போனைப் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தான்.

"என்னடா விசேஷம்?" என்றேன்.

"விசேஷம் இருந்தாத்தான் வரணுமா?" என்றான்.

அப்படியானால் நான் எதற்கு ஒளித்தேன்? எதற்காக அந்த லீக்ஸ் பாத்தி போயிற்று? எதுவும் இல்லாமலே வருகிறவனைப் பிடித்துவைக்கவா என் புருஷனை மழையில் மண் சலிக்கவிட்டேன்? இல்லை... நிறுத்திவைத்த அந்த மாதங்களில் பழகிய பழக்கத்தால்தான் இப்போது வருகிறானா? இதை நான் யாரிடம் கேட்பது?

மறுநாள் காலை ரவி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தான். அந்தப் பெட்டியில் பொடிக் கட்டைகள் ஒன்றிரண்டு எப்போதும் கூடுதலாகத்தான் போட்டிருப்பார்களாம். அப்படி மிஞ்சி உறையில் கிடந்ததில் ஒரு கறுப்புக் கட்டையைத் தேடி எடுத்து, அலமாரியில் இருந்த என் மொட்டை ரிமோட்டை இறக்கி, அந்த வெற்றிடத்தில் வைத்து அமுக்கினான். டொக் என்று பொருந்தியது.

"சின்ன வயசுல இருந்து ஒனக்கு இது இல்லல்ல. இந்தா" என்றான்.

"சரிதான், இனிமே ஒங்க அக்கா நிப்பாட்டுனா ஆட்டம் நிக்கும்" என்றார் செல்வம், வாசலில் லீக்ஸ் நாற்றைப் பிரித்தபடி. புதிதாக நடப்போகிறார்.

  நான் திருடி அமுக்கிப் பிடித்திருந்த பொத்தானை, அது தெரியாமலே அவன் பரிசாகக் கொடுக்கிறான். ரிமோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். நன்றாக இருந்தது. உண்மையாகவே மனம் நிறைந்துதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் செல்வம் அதை எடுத்துக் காட்டுவார். கைப்பிடியைச் சுற்றுவார். அந்தச் சின்ன மனுஷன் குழிக்கு முன்னால் திக்குவான். "ஒரிஜினல் சக்கரத்த நாந்தான் தொலைச்சுப்புட்டேன். சக்கையோட சக்கையாக் கொட்டிட்டேன்" என்று சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பேன்.

இன்றைக்கும் பருப்பு. அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது. கடுகு டப்பாவைத் திறந்து, அதை விரலால் ஒதுக்கிவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன்.